மந்திரி யார் என்று கேட்கிறோம், சபாநாயகர் யார் என்று கேட்பதில்லை

வாக்கு எண்ணி முடிந்து, வெடிச் சத்தம் ஓய்ந்து, வண்ணார்பேட்டையிலும் ஜங்ஷனிலும் கட்சிக்காரர்கள் கொடுத்த அல்வாவும் தீர்ந்த பிறகு நெல்லைச் சீமையில் தவறாமல் ஒரு கேள்வி கிளம்பும். "நம்ம ஜில்லாவுக்கு மந்திரி உண்டா அண்ணாச்சி?" எந்தக் கட்சி ஜெயித்தாலும் கேள்வி இதுதான்.

2021 மே 7 அன்று மு.க. ஸ்டாலினும் 33 அமைச்சர்களும் பதவியேற்றபோது கிடைத்த விடை, இல்லை என்பது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு கீதா ஜீவன், அனிதா ராதாகிருஷ்ணன் என்று இரண்டு பேர். விருதுநகருக்கு சாத்தூர் ராமச்சந்திரன், தங்கம் தென்னரசு என்று இரண்டு பேர். குமரிக்கு மனோ தங்கராஜ். திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் கைவிரிப்பு. ஐந்து நாள் கழித்து, மே 12 அன்று, ராதாபுரம் உறுப்பினர் மு. அப்பாவு போட்டியின்றிப் பேரவைத் தலைவர், அதாவது சபாநாயகர், ஆனார். ஆறுதல் பரிசு கொடுத்துவிட்டார்கள் என்றது டீக்கடைப் பேச்சு.

அந்தப் பேச்சில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. மந்திரி கையில் துறை இருக்கிறது, கோப்பு இருக்கிறது, ஊருக்கு ஏதாவது செய்ய வழியும் இருக்கிறது. சபாநாயகருக்கு அது இல்லை. ஆனால் ஓர் அரசு உண்மையிலேயே பிறந்துவிட்டதா, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தலை எண்ணிச் சொல்கிற இடம் அந்த நாற்காலிதான். பழைய திருநெல்வேலி ஜில்லா 1962 முதல் அதில் ஐந்து பேரை உட்கார்த்தியிருக்கிறது. தேர்தலுக்குப் பிறகு அரசு எப்படி அமைகிறது என்பதை அந்த ஐந்து பேரை வைத்தே கிட்டத்தட்ட முழுதாகச் சொல்லிவிடலாம். அதற்கு முன் எண்ணும் இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எண்ணிக்கையும் சான்றிதழும்

நெல்லை மாவட்டத்தின் ஐந்து தொகுதி வாக்குகளும் அரசு பொறியியல் கல்லூரியில் எண்ணப்படுவது வழக்கம். காலை எட்டு மணிக்கு முதலில் தபால் வாக்கு, பிறகு இயந்திரம், சுற்றுச் சுற்றாக. கடைசிச் சுற்று முடிந்ததும் தேர்தல் நடத்தும் அலுவலர் கையெழுத்திட்டு வெற்றிச் சான்றிதழ் கொடுப்பார். சட்டத்தின் கண்ணில் ஒருவர் உறுப்பினராவதற்கு அடிப்படை அந்தக் காகிதம். மாலை, பொன்னாடை, ஊர்வலம் எல்லாம் நம் திருப்திக்கு.

அந்தக் காகிதத்தின் எடை என்ன என்று ராதாபுரத்துக்காரர்களைக் கேட்க வேண்டும். 2016 தேர்தலில் அங்கே அதிமுகவின் இன்பதுரை வெறும் 49 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். தோற்றவர் இதே அப்பாவு. தள்ளுபடி செய்த 203 தபால் வாக்குகளையும் 19, 20, 21ஆம் சுற்று வாக்குகளையும் திரும்ப எண்ண வேண்டும் என்று அவர் உயர் நீதிமன்றம் போனார். தபால் வாக்குகளைத் தள்ளியதற்குச் சொன்ன காரணம், உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பம் இட்டவர்கள் பள்ளித் தலைமையாசிரியர்கள், அவர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்பது. அப்பாவு அரசியலுக்கு வருமுன் ஆசிரியராக இருந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அவர் ஏன் விடவில்லை என்று விளங்கும். மூன்றாண்டு கழித்து, 2019 அக்டோபரில், உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மறு எண்ணிக்கை நடந்தது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. எண்ணியது எண்ணியபடி உறைக்குள் கிடக்க, பேரவையின் ஆயுளே 2021இல் முடிந்துபோனது. ஐந்து வருடமும் சான்றிதழ் வைத்திருந்தவர்தான் உறுப்பினர்.

ஆக, அரசு அமைவதற்கு முதல் செங்கல் இந்தச் சான்றிதழ்கள். 234 தொகுதி முடிவுகளும் வந்ததும் தேர்தல் ஆணையம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 73ஆம் பிரிவின்படி அறிவிக்கை வெளியிட்டு, பட்டியலை ஆளுநரிடம் சேர்க்கும். அத்துடன் புதிய பேரவை அமைந்துவிட்டதாகக் கணக்கு. பழைய முதல்வர் ராஜினாமா கொடுப்பார், ஆளுநர் பழைய பேரவையைக் கலைப்பார், புதியவர் வரும்வரை பழையவரே காபந்து அரசாகத் தொடர்வார். 2021இல் முடிவு வந்தது மே 2. எடப்பாடி பழனிசாமி மறுநாளே ராஜினாமா செய்தார். மே 4 அன்று அறிவாலயத்தில் திமுக உறுப்பினர்கள் கூடி ஸ்டாலினைச் சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். மறுநாள் கடிதத்தோடு ஆளுநரைப் பார்த்தார். அதற்கு இரண்டாம் நாள் பதவியேற்பு. கட்சிக்கு மட்டுமே 133 இடம் என்பதால் எல்லாம் தண்ணீர்பட்ட பாடாக நடந்தது. தேவைப்பட்ட எண் 118.

இப்படித் தெளிவாக வராதபோதுதான் சட்டத்தில் எவ்வளவு கொஞ்சமாக எழுதியிருக்கிறார்கள் என்று தெரிய வரும். அரசியல் சாசனத்தின் 164ஆம் பிரிவு முதலமைச்சரை ஆளுநர் நியமிப்பார் என்கிறது. அமைச்சரவை பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்கிறது. யாரை முதலில் கூப்பிட வேண்டும், எத்தனை நாளுக்குள் கூப்பிட வேண்டும் என்பதற்கெல்லாம் அதில் ஒரு வரியும் கிடையாது. அந்த இடைவெளியை மரபும் தீர்ப்புகளும் கமிஷன் அறிக்கைகளும்தான் நிரப்புகின்றன. மத்திய, மாநில உறவுகளை ஆராய்ந்து 1988இல் அறிக்கை கொடுத்த சர்க்காரியா கமிஷன் ஒரு வரிசை சொன்னது. தேர்தலுக்கு முன்பே கூடிய கூட்டணிக்குப் பெரும்பான்மை இருந்தால் முதலில் அதைக் கூப்பிட வேண்டும். இல்லையென்றால் மற்றவர் ஆதரவோடு உரிமை கோரும் தனிப்பெரும் கட்சி. அதன் பிறகே தேர்தல் முடிந்து சேர்ந்த கூட்டணி, அதிலும் எல்லாரும் அரசில் பங்கேற்கிற கூட்டணிக்கு முன்னுரிமை, சிலர் வெளியில் இருந்து தாங்குவது கடைசி.

வரிசை எழுதப்படுவதற்கு வெகு முன்னாலேயே சென்னை ராஜ்யம் அதன் தேவையைக் காட்டிவிட்டது. 1952 தேர்தலில் 375 இடங்களில் காங்கிரஸ் ஜெயித்தது 152. ஆந்திரத் தலைவர் டி. பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் ஒன்றுகூடி ஆட்சி கேட்டன. ஆளுநர் ஸ்ரீபிரகாசாவோ, தேர்தலில் நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமன உறுப்பினராக்கி, முதலமைச்சராகவும் ஆக்கினார். நாட்டின் முதல் பொதுத்தேர்தலிலேயே ஆளுநர் மாளிகை ஆட்டத்தில் இறங்கியாகிவிட்டது. அந்தப் பழக்கம் இன்னும் விட்டபாடில்லை.

உறுப்பினரே இல்லாதவர் முதல்வராக முடியுமா என்ற கேள்வி அன்றைக்கே எழுந்தது. முடியும், ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும். காமராஜர் 1954இல் முதல்வரானபோது அவர் நாடாளுமன்ற உறுப்பினர். குடியாத்தம் இடைத்தேர்தலில் ஜெயித்துப் பேரவைக்குள் வந்தார். 1967இல் அண்ணாவும் தென்சென்னை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபடியேதான் முதல்வரானார். ஆனால் உறுப்பினராகத் தகுதியே இழந்தவருக்கு இந்த ஆறு மாதச் சலுகை கிடையாது என்று 2001 செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜெயலலிதாவின் நியமனம் செல்லாமல் போய், ஓ. பன்னீர்செல்வம் முதல்முறை முதல்வரானது அந்தத் தீர்ப்பால்தான்.

மந்திரிக் கணக்கு

1967இல் அண்ணா அமைத்த அமைச்சரவையில் அவரையும் சேர்த்து ஒன்பது பேர். காமராஜர் 1954இல் எட்டுப் பேரோடு ஆண்டார். இன்று அந்த எண்ணிக்கையில் ஒரு கட்சி ஆட்சி அமைத்தால் பதவி கிடைக்காதவர்களைச் சமாதானப்படுத்தவே தனியாக ஒரு துறை வேண்டும். 2003இல் வந்த 91ஆவது திருத்தம் உச்சவரம்பு கட்டியது. பேரவையின் மொத்த உறுப்பினர்களில் 15 சதவீதத்துக்கு மேல் அமைச்சர்கள் கூடாது. 234க்கு அது 35, முதல்வரும் அதில் அடக்கம்.

இந்த 35ஐ வைத்துக்கொண்டு நம் ஊர்க் குறையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 234 தொகுதிக்கு 35 பேர் என்றால் சராசரியாக ஆறே முக்கால் தொகுதிக்கு ஒரு மந்திரி. இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருப்பது ஐந்து தொகுதி: திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம். தென்காசி மாவட்டத்திலும் ஐந்து. இரண்டுமே தனித்தனியாக ஒரு முழு மந்திரிக்கு எண்ணிக்கையில் எட்டாதவை. மாவட்டங்களோ 38. சென்னை, திருச்சி மாதிரி இடங்களுக்கு இரண்டு மூன்று போனால் மீதியில் பல மாவட்டங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

1986இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019இல் தென்காசி பிரிந்தது. பிரிந்தபோது கலெக்டர் அலுவலகம் பக்கத்தில் வந்தது என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் பேரம் பேசும் பலமும் மூன்றாக உடைந்தது என்பதை அப்போது யாரும் சொல்லவில்லை. பழைய ஜில்லாவாக 16 தொகுதியையும் சேர்த்துப் பார்த்தால் 2021இல் இரண்டு மந்திரி, ஒரு சபாநாயகர். சராசரிக் கணக்குக்கு ஏறத்தாழச் சரியாகவே இருக்கிறது. ஏமாற்றம் வருவது நாம் மாவட்டத்தை அலகாக வைத்து எண்ணுவதால்.

அதோடு ஆளுங்கட்சிக்கு எத்தனை இடம் கொடுத்தோம் என்பதும் இருக்கிறதே. 2021இல் நெல்லை மாவட்டம் ஐந்து இடத்தை நான்கு கட்சிக்குப் பிரித்துக் கொடுத்தது. பாளையும் ராதாபுரமும் திமுகவுக்கு, நாங்குநேரி காங்கிரசுக்கு, அம்பாசமுத்திரம் அதிமுகவுக்கு, திருநெல்வேலி பாஜகவுக்கு. ஆளுங்கட்சியில் இருந்து தேர்ந்தெடுக்கவே இரண்டு பேர்தான். 2006இல் நிலைமை வேறு. பாளையங்கோட்டை மைதீன்கான், ஆலங்குளம் பூங்கோதை என்று மந்திரிகள், போதாததற்கு அம்பாசமுத்திரம் ஆவுடையப்பன் சபாநாயகர். அந்த வருடம் யாரும் ஆறுதல் பரிசு பற்றிப் பேசவில்லை.

சாதி, மதம், பெண், மூத்தவர், மாவட்டச் செயலாளர், கூட்டணிக்கு விட்டுக்கொடுத்தவர் என்று பட்டியலைத் தீர்மானிக்கும் மற்றக் கணக்குகள் எல்லாருக்கும் தெரிந்தவை. எங்கும் எழுதப்படாதவை. மந்திரி இல்லாத மாவட்டத்துக்குப் பக்கத்து மாவட்டத்தில் இருந்தோ தூரத்தில் இருந்தோ ஒரு 'பொறுப்பு அமைச்சர்' வருவார். ஆய்வுக் கூட்டம் நடத்துவார், கொடி ஏற்றுவார், ரயிலைப் பிடிப்பார். குறை சொல்வதற்கு இல்லை, அவருக்கு வாக்குப் போட்டது நாம் இல்லை.

அந்த நாற்காலி

பதவியேற்பு நாளில் தொலைக்காட்சி காட்டுவது "என்னும் நான்" என்று தொடங்கும் உறுதிமொழியை. ஒவ்வொருவரும் இரண்டு பிரமாணம் எடுக்க வேண்டும், ஒன்று பதவிக்கு, மற்றொன்று ரகசியம் காப்பதற்கு. அத்துடன் அரசு வந்துவிட்டது என்று நாம் தொலைக்காட்சியை அணைத்துவிடுகிறோம். அப்போது பேரவை இன்னும் கூடியிருக்காது. ஜெயித்தவர் ஒருவர்கூட இன்னும் உறுப்பினராக அமர்ந்திருக்க மாட்டார்.

அடுத்து வருவது தற்காலிக சபாநாயகர். உறுப்பினர்களில் அனுபவமுள்ள ஒருவரை ஆளுநர் நியமிப்பார். அவர் ஆளுநர் முன் உறுதிமொழி எடுத்து, மற்றவர்களுக்கு அவையில் உறுதிமொழி செய்துவைப்பார். 2021இல் அந்த வேலையைச் செய்தவர் கு. பிச்சாண்டி. கொரோனா காலம் என்பதால் கோட்டையை விட்டுக் கலைவாணர் அரங்கத்தில் பேரவை கூடியது. உறுப்பினர்கள் உறுதிமொழி ஏற்ற மறுநாள் சபாநாயகர் தேர்வு. ஆளுந்தரப்பின் அவை முன்னவரும் எதிர்க்கட்சித் தலைவரும் இரு பக்கமும் நின்று புதியவரை நாற்காலி வரை அழைத்துப் போய் உட்காரவைப்பது மரபு. ராதாபுரத்தில் 1996இல் தமிழ் மாநில காங்கிரஸ், 2001இல் சுயேச்சை, 2006இல் திமுக என்று மூன்று அடையாளத்தில் ஜெயித்து, 2016இல் 49 வாக்கில் தோற்ற மனிதர் அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவருக்கு முன் அங்கே உட்கார்ந்த நெல்லைச் சீமைக்காரர்களைப் பார்ப்போம். சேரன்மகாதேவி எஸ். செல்லபாண்டியன் 1962 முதல் 1967 வரை. அவர் காலத்தில் தேர்தல் இல்லாமலே முதல்வர் மாறினார். 1963 அக்டோபரில் காமராஜர் கட்சிப் பணிக்காக விலக, பக்தவத்சலம் வந்தார். பெரும்பான்மைக் கட்சிக்குள் தலைவர் மாறினால் ஆளுநருக்கும் பேரவைக்கும் அதிக வேலை இல்லை என்பதற்கு அது உதாரணம். அடுத்து, 1967இல் காங்கிரஸ் ஆட்சி போனபோது முதல் சபாநாயகர் சி.பா. ஆதித்தனார். காயாமொழிக்காரர், ஸ்ரீவைகுண்டத்தில் ஜெயித்தவர். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாற்றும் தீர்மானம் 1967 ஜூலை 18 அன்று நிறைவேறியபோது அவைக்குத் தலைமை அவர். பின்னாளில் மந்திரியும் ஆனார்.

மூன்றாமவரிடம் சற்று நின்று பேச வேண்டும். பி.எச். பாண்டியன், அவரும் சேரன்மகாதேவிதான். 1985 முதல் சபாநாயகர். சபாநாயகருக்கு வானளாவிய அதிகாரம் உண்டு என்று அவர் சொன்னது தமிழ்நாட்டு அரசியல் பேச்சில் இன்றுவரை புழங்குகிறது. சொன்னதோடு நிற்கவும் இல்லை. 1987இல் ஒரு கேலிச்சித்திரத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனைப் பேரவை சிறைக்கு அனுப்பியது அவர் தலைமையில்தான்.

எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24 அன்று இறந்தார். கட்சி ஜானகி பக்கம், ஜெயலலிதா பக்கம் என்று பிளந்தது. 1988 ஜனவரி 7 அன்று, பேரவை உறுப்பினராக இல்லாத ஜானகி முதல்வராகப் பதவியேற்றார். ஆளுநர் பெரும்பான்மையைக் காட்டச் சொன்னார். ஜனவரி 28 அன்று அவை கூடியது. கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்து அப்போது மூன்று வருடம்கூட முழுதாக ஆகவில்லை. யார் உறுப்பினர், யார் உறுப்பினர் இல்லை என்று சொல்லும் அதிகாரத்தை அந்தச் சட்டம் சபாநாயகர் கையில் கொடுத்திருந்தது. அன்று அவையில் நடந்தது வாக்கெடுப்பு என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். சிலரின் பதவி பறிப்பு, அடிதடி, அவைக்குள் போலீஸ், தடியடி, அத்தனைக்கும் நடுவில் நம்பிக்கைத் தீர்மானம் நிறைவேறியது என்ற அறிவிப்பு. இரண்டு நாளில், ஜனவரி 30 அன்று, ஜானகி அரசு கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது.

நாற்காலியில் இருப்பவர் நினைத்தால் எண்ணிக்கையையே மாற்றலாம் என்பதை அந்த ஒரு நாள் காட்டியது. அவர் மாற்றிச் சொன்ன எண்ணிக்கையை வெளியே யாரும் நம்ப மாட்டார்கள், அதனால் அரசும் நிலைக்காது என்பதையும் அதே நாள்தான் காட்டியது. ஊர்க்காரர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு 1989 தேர்தல் இருக்கிறது. ஜானகி அணி கிட்டத்தட்டத் துடைத்தெறியப்பட்டது. ஜானகியே ஆண்டிப்பட்டியில் தோற்றார். சேரன்மகாதேவி மட்டும் அந்த அணியில் நின்ற பி.எச். பாண்டியனைத் திரும்ப அனுப்பியது. தொகுதிப் பற்று அவ்வளவு லேசில் போகாது. அந்தத் தொகுதியே இன்றைக்கு இல்லை, 2008 மறுசீரமைப்பில் காணாமல் போனது.

1994 மார்ச்சில், கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரு விஷயத்தைத் தீர்த்துவைத்தார்கள். ஓர் அரசுக்குப் பெரும்பான்மை இருக்கிறதா என்பதை ஆளுநர் தன் மாளிகையில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது, பேரவைக்குள் சோதித்துப் பார்க்க வேண்டும். வழக்கு கர்நாடகத்தில் இருந்து வந்தது, ஆனாலும் சென்னையில் 1988 பார்த்த யாருக்கும் அதன் அருமை புரியும். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1992இல், தகுதி நீக்க விஷயத்தில் சபாநாயகர் சொல்வதே முடிவு இல்லை, நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்றும் தீர்ப்பு வந்திருந்தது. வானளாவியது கொஞ்சம் தரைக்கு இறங்கியது.

முழுதாக இறங்கியதா என்பதை 2017 சோதித்தது. பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு 122க்கு 11 என்ற கணக்கில் நம்பிக்கை வாக்கெடுப்பில் ஜெயித்தது. அதற்கு முன் ரகசிய வாக்கெடுப்பு கேட்டு ரகளை, திமுகவினர் வெளியேற்றம் எல்லாம் நடந்து முடிந்திருந்தன. அந்த வருடம் செப்டம்பரில் சபாநாயகர் தனபால், தினகரன் அணியில் நின்ற 18 அதிமுக உறுப்பினர்களைத் தகுதி நீக்கம் செய்தார். அவர்களில் இரண்டு பேர் நம் பக்கத்தவர்கள், விளாத்திகுளமும் ஒட்டப்பிடாரமும். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு, மூன்றாவது நீதிபதி சபாநாயகர் செய்தது சரி என்றார். இடைத்தேர்தல் முடிய 2019 ஏப்ரல், மே ஆகிவிட்டது. அதுவரை ஒன்றரை வருடத்துக்கு மேல் அந்த இரண்டு கரிசல் தொகுதிகளுக்கும் சட்டமன்றத்தில் ஆள் இல்லை. குடிநீர்ப் பிரச்சினையை எழுப்ப ஒரு குரல் இல்லாமல் போனது சென்னையில் யாருடைய பெரும்பான்மைக் கணக்குக்காகவோ. அரசு அமைவது என்பது மே மாதத்தில் ஒரு வாரம் நடந்து முடிகிற காரியம் இல்லை, ஐந்து வருடமும் அது திரும்பத் திரும்ப அமைந்துகொண்டே இருக்கிறது என்பதற்கு விளாத்திகுளத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நான்காமவர் ஆவுடையப்பன். 2006இல் திமுக தனியாக ஜெயித்தது 96 இடம். காங்கிரஸ் 34, பாமக 18, இடதுசாரிகள் 15 என்று தேர்தலுக்கு முன்பே சேர்ந்த கூட்டணிக்கு 163 இருந்ததால் ஆளுநருக்குச் சிக்கல் இல்லை. சர்க்காரியா வரிசையில் முதல் இடம் அது. கூட்டணிக் கட்சிகள் அமைச்சரவையில் சேரவில்லை, வெளியில் இருந்து தாங்கின. "மைனாரிட்டி திமுக அரசு" என்று ஜெயலலிதா அறிக்கைக்கு அறிக்கை எழுதினார். அந்த அரசு ஐந்து வருடமும் ஓடியது. 96 பேரை வைத்து ஓர் அரசு ஓடிய காலத்தில் நாற்காலியில் இருந்தவர் பெயர் பெரிய சர்ச்சை எதிலும் அடிபடாமல் இருந்தது என்பது சின்ன விஷயம் இல்லை. நம் ஆட்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் இல்லை, பி.எச். பாண்டியன் கதைதான் எல்லாருக்கும் நினைவிருக்கிறது.

சபாநாயகரின் தொகுதிக்கு ஒரு நஷ்டமும் உண்டு. அவர் கேள்வி நேரத்தில் கேள்வி கேட்க முடியாது, விவாதத்தில் எழுந்து பேச முடியாது, வாக்குகள் இரு பக்கமும் சமமானால் மட்டுமே வாக்களிக்கலாம். மற்ற 233 பேர் பேசுவதைக் கேட்டு மணி அடிக்க வேண்டும். அதற்கு ஈடாக, அவர் போன் செய்தால் எந்தத் துறைச் செயலாளரும் எடுக்காமல் இருக்க மாட்டார். எது பெரிது என்று ராதாபுரத்துக்காரர்கள் சொல்லட்டும்.

கோட்டையில் இருந்து வாய்க்கால் வரை

பதவியேற்ற அன்றே புதிய முதல்வர் சில கோப்புகளில் கையெழுத்துப் போடுவது நம் மாநிலத்து வழக்கமாகிவிட்டது. 2006இல் கிலோ இரண்டு ரூபாய் அரிசி, கூட்டுறவு விவசாயக் கடன் தள்ளுபடி. 2016இல் நூறு யூனிட் இலவச மின்சாரம், 500 மதுக்கடை மூடல். 2021இல் கொரோனா நிவாரணம் 4,000 ரூபாயில் முதல் தவணை, சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசப் பயணம். பீடி சுற்றிக் கொடுக்கப் பையோடு பஸ் ஏறும் பெண்களுக்கு ஆட்சி மாறியது அந்த டிக்கெட்டில்தான் தெரிந்தது. மற்றதெல்லாம் மெதுவாக வரும். தேர்தலுக்கு முன் போட்டது இடைக்கால பட்ஜெட் என்பதால் புது அரசு தன் பட்ஜெட்டைத் திரும்பப் போட வேண்டும். 2021இல் அது ஆகஸ்ட் 13 வரை இழுத்தது.

தாமிரபரணிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் 1 அன்று கார் பருவ நெல் சாகுபடிக்குப் பாபநாசத்தில் திறக்க வேண்டும். அதற்கு அரசு உத்தரவு வேண்டும். மே நடுவில் பதவியேற்கும் அரசுக்கு நெல்லைச் சீமை வைக்கும் முதல் பரீட்சை இது. கன்னடியன், கோடகன், பாளையங்கால்வாய்ப் பாசனக்காரர்கள் நாற்றுப் பாவ நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, புதிய துறை அமைச்சர் யார், செயலாளர் மாறுவாரா என்று கோட்டையில் பேச்சு நடந்துகொண்டிருக்கும். உத்தரவு ஒரு வாரம் தள்ளினால் அறுவடையும் தள்ளும், பின்னால் வரும் பிசானப் பருவத்துக்கும் இடிக்கும்.

நீண்ட கணக்குக்கு வேறொரு கால்வாய் இருக்கிறது. தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புத் திட்டம். வெள்ளத்தில் கடலுக்குப் போகும் தண்ணீரைக் கன்னடியன் கால்வாயில் இருந்து திருப்பி, சாத்தான்குளம், திசையன்விளை வறண்ட பகுதிகளுக்குக் கொண்டுபோக 75 கிலோமீட்டர் வெள்ளநீர்க் கால்வாய். 2009இல் அடிக்கல் நாட்டினார்கள், மதிப்பு 369 கோடி. 2011இல் ஆட்சி மாறியது, வேலை படுத்தது, பிறகு எழுந்தது, நடுவில் முதல்வர்கள் மாறினார்கள், 2021இல் ஆட்சியும் மாறியது. 2025 பிப்ரவரியில் திறந்தபோது செலவு ஆயிரம் கோடியைத் தாண்டியிருந்தது. அடிக்கல் நாட்டியபோது சபாநாயகர் ஆவுடையப்பன், திறந்தபோது அப்பாவு, இருவருமே நெல்லைக்காரர்கள். இடையில் நம் பக்கத்துக்கு மந்திரிகள் இல்லாமலும் இல்லை. கடையநல்லூர் செந்தூர்பாண்டியன் இருந்தார், அம்பாசமுத்திரம் இசக்கி சுப்பையா கொஞ்ச காலம் இருந்தார், சங்கரன்கோவில் ராஜலட்சுமி இருந்தார். கால்வாய்க்குப் பதினாறு வருடம் பிடித்தது.